மூடியத் தொறக்காம பாக்கத் தெரியணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல லேப்ல வளக்குற மீன் கறி பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. கொச்சியில இருக்க மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2024 ஜனவரியில ஒரு தனியார் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு, வஞ்சிரம், வாவல் மாதிரி மீன்ல இருந்து செல்ல எடுத்து லேப்லயே கறியாக்கப் பாக்குறாங்கங்கிற விஷயம் எல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தீங்க, அதுல கொற சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா நடுவுல பெருசா ஒரு கலர் படம் போட்டு, பிளாஸ்டிக் குடுவையில எலுமிச்சம்பழ மஞ்சள்ல ஒரு தண்ணி, கீழ "செழித்து வளரும் செல்கள்"னு ஒரு வரி. சார், இந்த வேல தெரிஞ்ச யாரும் அந்தப் படத்தப் பாத்தா மொதல்ல ஐயய்யோன்னுதான் சொல்வாங்க. அந்த மஞ்சள் செழிப்புக்கு அடையாளம் இல்ல, உள்ள அமிலம் ஏறிப்போச்சு, ஒண்ணு செல்லு வளர ஊத்துற சத்துத் தண்ணிய, மீடியம்னு சொல்வோம், மாத்த மறந்துட்டாங்க இல்லன்னா பாக்டீரியா பூந்துருச்சுன்னு அர்த்தம். படம் எங்கயிருந்து எடுத்தீங்கன்னு தெரியாது, தப்பு புடிக்கணும்னு எழுதல, அந்த ஒரு வரிய சாக்கா வச்சு வேற ஒரு விஷயம் சொல்லணும்.

நான் மண்டபம் பக்கம் ஒரு தனியார் மீன்குஞ்சு ஹேச்சரியில ஆல்கே ரூம் பாக்குறேன். குஞ்சு பொரிச்சதும் அதுக்குத் தீனி ரோட்டிபர்னு ஒரு துளியூண்டு தண்ணிப் பூச்சி, ரோட்டிபருக்குத் தீனி கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி, அந்த நுண்பாசிய பாட்டில்லயும் கேன்லயும் வளத்துக் குடுக்குறதுதான் என் வேல. அதுக்கு முன்னாடி பெங்களூர்ல செல் கல்ச்சர் லேப்ல இருந்தேன், அங்க மனுச செல்லு, எலி செல்லு. ரெண்டு பக்கமும் பாத்ததுல எனக்குத் தோணுறது ஒண்ணுதான்: உசுர குடுவையில வளக்குறது அப்படி ஒண்ணும் மாயம் இல்ல, அது இப்ப எப்படி இருக்குன்னு அதத் தொந்தரவு பண்ணாம தெரிஞ்சுக்கறதுதான் பெரிய வேல. உங்க கட்டுரையில வெப்பநிலை, சத்து, சுத்தம் எல்லாம் இருந்துச்சு, இதப் பத்தி மட்டும் ஒரு வரி கூட இல்ல. நம்ம ராமநாதபுரம் கடக்கரைக்கு இப்ப வேண்டியது அதுதான்.

அந்த மஞ்சள் கதைய முடிச்சிட்டு வந்துர்றேன். செல்லுக்கு ஊத்துற மீடியத்துல பீனால் ரெட்னு ஒரு சாயம் துளியூண்டு கலந்திருக்கும். பிஹெச், அதாவது அமிலத்தன்மைய காட்டுற அளவு (எறங்குனா அமிலம் கூடுதுன்னு அர்த்தம்), 7.4 பக்கம் இருந்தா நல்ல செவப்பு, 7க்கு எறங்குனா ஆரஞ்சு, 6.8க்கும் கீழ போனா மஞ்சள், 8 தாண்டி ஏறுனா ஊதா கலந்த ரோஸ். செல்லு சக்கரையத் தின்னுட்டு லாக்டிக் அமிலம் விடும், கூட்டம் பெருக பெருக மஞ்சளாகிட்டே வரும். பாக்டீரியா வந்தாலும் மஞ்சள்தான், ஆனா அப்ப கலங்கலும் சேந்து வரும். ரோஸ் ஆச்சுன்னா இன்குபேட்டர்ல, அதான் குடுவைய சூடு மாறாம வைக்கிற பெட்டியில, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தீந்துபோச்சான்னு ஓடிப்போய் பாக்கணும், ஏன்னா மீடியத்துல பைகார்பனேட்டும் காத்துல 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் சேந்துதான் அந்த 7.4ஐப் புடிச்சு வைக்குது. இத்தனையும் கதவு கண்ணாடி வழியா ஒரு பார்வையில தெரியும், ஒரு சொட்டு வெளிய எடுக்க வேணாம். இதுதான் தொடாம கண்காணிக்கிறதுல மொத பாடம்.

ஏன் தொடக்கூடாதுன்னு கேப்பீங்க. சின்ன குடுவை, டி-25ன்னு சொல்வோம், அதுல ஊத்துற மீடியமே 5 மில்லிதான். டெஸ்ட்டுக்குன்னு 1 மில்லி எடுத்தா அஞ்சுல ஒரு பங்கு போச்சு. 96 குழி இருக்க தட்டுல ஒரு குழிக்கு 0.1, 0.2 மில்லி, அதுல எத எடுத்து எத விடுறது. அதவிடப் பெரிய விஷயம் தொறக்குறது. இன்குபேட்டர் கதவ ஒரு தடவ தொறந்தா சூடு எறங்குது, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுது, ஈரப்பதம் போகுது, மொத ரெண்டும் கொஞ்ச நேரத்துல திரும்பிரும், ஈரம் திரும்ப ரொம்ப நேரமாகும். இதுல ஒரு வேடிக்க என்னன்னா பழைய மாடல் இன்குபேட்டர் சிலதுல கார்பன் டை ஆக்சைட அளக்குற சென்சார் காத்தோட வெப்பம் கடத்துற தன்மைய வச்சு அளக்கும், அதுக்கு ஈரப்பதம் மாறுனாலே கணக்கு தப்பிரும், ஆக கதவ மூடுனதும் ஸ்க்ரீன்ல காட்டுற நம்பரும் பொய், உள்ள இருக்க நெலமையும் வேற. அகச்சிவப்புல அளக்குறது வந்தப்புறம் அந்தத் தொல்ல கொறஞ்சிருக்கு. நான் இருந்த ஒரு எடத்துல (பேர் வேணாம்) சூப்பர்வைசருக்கு சந்தேகம் ஜாஸ்தி, காலையில ஒருக்கா மத்தியானம் ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா குடுவைய வெளிய எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்து திரும்ப வைப்பார், அப்புறம் செல்லு ஏன் ஒழுங்கா ஒட்டி வளரலன்னு மீட்டிங் போடுவார். குடுவைய இவ்வளவு ஆட்டுனா எப்படி ஒட்டும்னு யாரும் கேக்கல.

இப்ப ஆக்சிஜனுக்கு வர்றேன், இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கங்க. இன்குபேட்டர்ல இருக்க காத்துல ஆக்சிஜன் 18, 19 சதவீதம் இருக்கும், அதனால செல்லுக்கும் அவ்வளவு கெடைக்குதுன்னு நெனச்சுக்கறோம். ஆனா செல்லு இருக்கறது குடுவையோட அடியில, அதுக்கு மேல ரெண்டு மூணு மில்லிமீட்டர் மீடியம் நிக்குது, தண்ணிக்குள்ள ஆக்சிஜன் பரவுறது காத்துல பரவுறதவிட கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு மெதுவு. மேல இருந்து எறங்கி வர்றதுக்குள்ள கீழ இருக்க செல்லு கூட்டம் உறிஞ்சி முடிச்சிரும், ஆக செல்லு இருக்க எடத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு இன்குபேட்டர் சொல்லவே சொல்லாது. சரி, அளந்து பாப்போம்னா, 1950கள்ல லேலண்ட் கிளார்க்குனு ஒருத்தர் கண்டுபுடிச்ச எலக்ட்ரோடுதான் ரொம்ப காலமா இருந்துச்சு, அது அருமையான கருவிதான், ஆனா அது அளக்கும்போதே ஆக்சிஜனத் தின்னும். பெரிய டேங்க்குன்னா பரவால்ல, 5 மில்லி குடுவையில நீங்க அளக்க வந்த ஆளே சாப்பாட்டுல பங்கு கேட்டா எப்படி.

அதுக்குத்தான் வெளிச்சம். கொரோனா நேரத்துல வீட்டுக்கு வீடு வெரல்ல மாட்டிப் பாத்தோமே ஒரு கிளிப்பு, பல்ஸ் ஆக்சிமீட்டர், ஊசி குத்தாம ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு சொல்லுமே, 1974ல ஜப்பான்ல டகுவோ அயோயாகி கொண்டுவந்த யோசனை அது. 660 நானோமீட்டர் செவப்பும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பும் வெரல் வழியா அனுப்பி எது எவ்வளவு உறிஞ்சப்பட்டுச்சுன்னு ஒப்பிட்டுப் பாக்குறது. செல் கல்ச்சர்ல செய்யுறது அதே ஐடியாவுக்குப் பக்கத்து வீடு. குடுவைக்கு உள்பக்கச் சுவத்துல பொட்டு மாதிரி ஒரு சின்ன வில்லைய ஒட்டிருவாங்க, அதுல ருத்தேனியமோ பிளாட்டினமோ சேந்த ஒரு சாயம் இருக்கும். வெளிய இருந்து அது மேல வெளிச்சம் அடிச்சா அது வேற நெறத்துல ஒளிரும். ஆக்சிஜன் பக்கத்துல இருந்தா அந்த ஒளிர்வ அமுக்கிரும், ஆக்சிஜன் கொறைய கொறைய ஒளிர்வு அதிகமாகும், அதோட ஒளிர்ற நேரமும் நீளும். வெளிச்சம் எவ்வளவுன்னு அளக்காம எவ்வளவு நேரம் ஒளிருதுன்னு அளந்தா சாயம் கொஞ்சம் வெளுத்தாலும் கணக்கு பெருசா தப்பாது. ஆக்சிஜன் செலவே இல்ல, ஓட்ட போட வேணாம், வயர் உள்ள போக வேணாம். பிஹெச்சுக்கும் இதே மாதிரி பொட்டு இருக்கு. குடுவைய ஸ்டெரைல் பண்ணும்போதே பொட்டையும் சேத்துப் பண்ணிட்டா வேல முடிஞ்சுது.

இன்னும் எத்தனையோ வழி இருக்கு, எல்லாத்தையும் எழுதுனா நீங்க வெட்டிருவீங்க. ஐவர் கியாவெரும் சார்லஸ் கீஸும் 1984ல காட்டுனது, குடுவை அடியில தங்கத்துல மெல்லிசா எலக்ட்ரோடு வச்சு ரொம்பச் சின்ன மாறுமின்சாரம் விட்டா, செல்லு ஒட்டி விரிய விரிய கரண்டு போற பாத அடைபடும், அத வச்சே செல்லு எந்த அளவுக்குப் பரவியிருக்குன்னு சொல்லலாம். கியாவெர் யாருன்னு பாத்தா 1973ல இயற்பியலுக்கு நோபல் வாங்குனவர், அப்புறம் உயிரியல் பக்கம் வந்துட்டார். மருந்து கம்பெனி பெரிய டேங்க்ல இப்ப ராமன் முறையில, ஒளி பட்டுச் சிதறும்போது நெறம் மாறுறத வச்சு, சக்கர எவ்வளவு லாக்டேட் எவ்வளவுன்னு டேங்க் ஓடிக்கிட்டிருக்கும்போதே பாக்குறாங்க. நம்ம திருச்சிக்காரர் 1928ல சொன்னது, தண்ணி ஒளிய அப்படி ரொம்ப சிதறடிக்காதுங்கிறதால தண்ணியா இருக்க மீடியத்துக்கு அது தோதா அமைஞ்சுபோச்சு. வருசா வருசம் பிப்ரவரி 28 அறிவியல் தினம்னு ஸ்கூல்ல எரிமலை செஞ்சு காட்டுற பசங்களுக்கு இத யாராவது சொல்லலாம்.

ஆனா எல்லாம் தங்கம்னும் சொல்ல வரல. வெளிய இருந்து பாக்குறதுக்கும் ஒரு வெல உண்டு. அந்த பீனால் ரெட்டையே எடுத்துக்கங்க, வெறும் நெறம் காட்டுற சாயம்னு எல்லாரும் நெனச்சிட்டு இருந்தப்ப 1986ல ஒரு ஆராய்ச்சிக் குழு அது மார்பகப் புத்துநோய் செல்லுல ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாதிரி வேல செய்யுதுன்னு காட்டுச்சு, அப்புறம் அது சாயத்துல இல்ல, சாயத்தோட வந்த கலப்படத்துலன்னு தெரிஞ்சுது. எதுவா இருந்தா என்ன, ஹார்மோன் ஆராய்ச்சி பண்றவங்க இன்னைக்கும் அந்தச் சாயம் இல்லாத மீடியம்தான் கேட்டு வாங்குவாங்க. வெளிச்சமும் அப்படித்தான், நீல வெளிச்சம் ரொம்ப நேரம் பட்டா மீடியத்துல இருக்க ரிபோபிளேவின்ங்கிற வைட்டமின் வழியா ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும், செல்லுக்கு அது வெஷம். அப்புறம் மைக்கோபிளாஸ்மான்னு ரொம்பச் சின்ன பாக்டீரியா ஒண்ணு, அது வந்தா கலங்காது, நெறம் மாறாது, சாதா மைக்ராஸ்கோப்புல தெரியாது, செல்லு நல்லா இருக்க மாதிரியே இருக்கும், அதுக்கு மட்டும் சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்ணாம வேற வழியே இல்ல. சென்சார் வாங்கிட்டேன் இனிமே தொடவே மாட்டேன்னு சொல்றவங்ககிட்டயும் நான் சண்ட போடுவேன்.

டெஸ்ட் டியூப் குழந்த சென்டர்ல கருவ இன்குபேட்டருக்குள்ளயே கேமரா வச்சு சில நிமிசத்துக்கு ஒரு போட்டோ எடுக்குறாங்க, டைம் லாப்ஸ்னு விளம்பரத்துல எல்லாம் வருது, அதுக்குத் தனியா காசும் வாங்குறாங்க. கருவ வெளிய எடுக்காம பாக்குறது நல்ல விஷயம்தான். ஆனா 2024ல லான்செட் இதழ்ல வந்த பெரிய ஆய்வுல, அந்தக் கேமரா வச்சதால குழந்த பொறக்குற வாய்ப்பு குறிப்பிடுற அளவு கூடலன்னு முடிவு வந்துச்சு. மதுரையில போய் லோன் போட்டு ட்ரீட்மென்ட் எடுக்குற நம்ம ஊர் ஆளுங்க இத கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அந்த எக்ஸ்ட்ரா காசக் குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணட்டும். பாக்குற வசதி வேற, பாத்ததால கெடைக்கிற பலன் வேற.

சரி நம்ம கரைக்கு வருவோம். என் ரூம்ல மனுச செல்லு இல்ல, நானோகுளோராப்சிஸ், ஐசோகிரைசிஸ், கீட்டோசெராஸ்னு நுண்பாசி வகைங்கதான். பெங்களூர் பழக்கத்துல வந்தவளுக்கு இங்க எல்லாம் தலகீழா இருந்துச்சு. அங்க செல்லு வளந்தா பிஹெச் எறங்கும், இங்க பாசி வளந்தா பிஹெச் ஏறும், ஏன்னா வெளிச்சத்துல அது கார்பன் டை ஆக்சைட இழுத்துக்குது. கடத்தண்ணி 8.1ல ஆரம்பிச்சு நல்ல வெளிச்சத்துல அடர்த்தியா இருக்க கேன்ல 9 தாண்டிரும், ராத்திரி லைட்ட அணச்சா மூச்சு விட்டு திரும்ப எறங்கும். இந்த ஏத்த எறக்கமே பாசி உசுரோட சுறுசுறுப்பா இருக்குங்கிறதுக்கு சாட்சி. ஒரு நாள் பகல்ல ஏற வேண்டியது ஏறலன்னா கலர் வெளுக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம், கேன்ல இருக்க பாசி மொத்தமா சாகப்போகுதுன்னு. இதத் தெரிஞ்சுக்க ஒவ்வொரு கேனையும் தொறந்து பிஹெச் மீட்டர் கோலை முக்கிட்டே போனா ஒரு கேன்ல இருந்த, பாசியத் தின்னுற சிலியேட்ங்கிற நுண்பூச்சிய அடுத்த எல்லா கேனுக்கும் நாமளே பரிமாறுன மாதிரி ஆயிரும். எண்ணிக்கைக்கும் அப்படித்தான், பிப்பெட்ட விட்டு எடுத்து ஹீமோசைட்டோமீட்டர்ல வச்சு கட்டம் கட்டமா எண்ணுறது நல்ல முறதான், ஆனா ஒவ்வொரு தடவையும் மூடி தொறக்கணும்.

இங்க ஒரு சிக்கல சொல்லியே ஆகணும், ஏன்னா இதத் தெரியாம காசக் கொட்டுறாங்க. நான் மேல சொன்ன பிஹெச் பொட்டு எல்லாம் பெரும்பாலும் மனுச செல்லு, எலி செல்லு மீடியத்துக்குன்னு செஞ்சு விக்கிறது. அந்த மீடியத்துல இருக்க உப்ப விட கடத்தண்ணியில உப்பு மூணு நாலு மடங்கு. சாயம் எந்த பிஹெச்ல நெறம் மாறும்ங்கிறது தண்ணியில இருக்க உப்பப் பொறுத்து நகரும். அதோட அந்தப் பொட்டுல பலது 8.5க்கு மேல ஒழுங்கா காட்டாது, நம்ம கேன் பகல்ல அதத் தாண்டித்தான் நிக்கும். அப்படியே வாங்கி ஒட்டுனா அழகா ஒரு நம்பர் வரும், ஸ்க்ரீன்ல கிராப் எல்லாம் ஓடும், எல்லாம் தப்பு. விக்க வர்றவர் சென்னையில இருந்து டை கட்டிட்டு வருவார், அவர்கிட்ட 35 பிபிடி உப்புல, அதாவது லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்க கடத்தண்ணியில, கேலிபரேட் பண்ணிக் காட்டுங்கன்னு கேட்டுப் பாருங்க, மெயில் பண்றேன் மேடம்பார்.

அதனால எனக்கு நம்பிக்க வெல கம்மியான வழி மேலதான். கேனுக்கு ஒரு பக்கம் எல்இடி, எதிர்ப்பக்கம் வெளிச்சத்த அளக்குற ஒரு போட்டோடயோடு, பாசி பெருக பெருக வெளிச்சம் மங்கும். 680 நானோமீட்டர் பக்கம் ஒண்ணு, அது பச்சையத்துக்கு, 750 பக்கம் ஒண்ணு, அது வெறும் கலங்கலுக்கு. ரெண்டையும் ஒப்பிட்டா உள்ள பெருகுறது பாசியா இல்ல பாசி செத்து பாக்டீரியாவான்னு ஓரளவுக்கு புடிபடும். வெரல்ல மாட்டுன கிளிப்புல இருக்க சாமான்தான் கிட்டத்தட்ட. ரூம் லைட்டு எரியும்போது எடுத்தா கணக்கு கெடும், லைட்டு அணைஞ்ச நேரத்துல எடுக்கணும், ஏரேஷன் குமிழி குறுக்க வந்து நம்பர் ஆடும், சில நொடி காத்த நிறுத்திட்டு எடுக்கணும் இல்ல நெறைய தடவ எடுத்து சராசரி போடணும், கேன் சுவத்துல பாசி படிஞ்சா ஏமாத்தும், அத அப்பப்ப ஆட்டி விடணும். வெப்பத்துக்கு நூத்துச் சொச்ச ரூபாய்க்கு கெடைக்கிற டிஎஸ்18பி20 சென்சார கேன் வெளிச்சுவத்துல ஒட்டி மேல ஸ்பாஞ்ச் வச்சுக் கட்டுனா அர டிகிரி துல்லியம் வரும், கொஞ்சம் லேட்டா காட்டும், பரவால்ல. ராத்திரி கரண்டு போயி ஏசி நின்னு ரூம் சூடாகி காலையில வந்து பாக்குறதுக்கும், போன்ல மெசேஜ் வந்து அப்பவே எந்திரிச்சு ஓடுறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு ஹேச்சரிக்காரங்ககிட்ட கேளுங்க. ஐப்பசி கார்த்திகையில மழையும் வாடையும் அடிக்கும்போது இங்க கரண்டு நெலமை உங்களுக்கே தெரியும், உங்க நிருபர்தான் எழுதுறார்.

இன்னொன்னு, உப்புக் காத்து. நம்ம கரையில எந்த மெஷினும் ஊர்ல இருக்க மாதிரி உழைக்காது. தண்ணிக்குள்ள போற கம்பி, கனெக்டர் எல்லாம் பச்ச பூத்துரும், லென்ஸ்ல பூஞ்சை படியும். லட்சக்கணக்குல வாங்கி கவர் போட்டு மூடி வச்சு, வர்ற அதிகாரிக்கு மட்டும் தொறந்து காட்டுற மைக்ராஸ்கோப்ப நான் ஒண்ணுக்கு மேல பாத்துட்டேன், எங்கன்னு சொல்ல மாட்டேன். சென்சார் குடுவைக்கு வெளிய இருந்தா கெட்டுப்போனாலும் கழட்டி மாத்திரலாம், உள்ள இருக்க உசுருக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம ஊருக்கு இந்த முறை பொருந்துறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்னு நான் நெனைக்கிறேன்.

மீன் செல்லுக்கே திரும்ப வந்தா, உங்க கட்டுரையில 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடுன்னு போட்டிருந்தீங்க, அது நம்மள மாதிரி சூட்டு ரத்த உசுருக்கு. நம்ம பக்கத்து மீனோட செல்லு 28 டிகிரி சுத்துல நல்லா வளரும். எல்-15னு ஒரு மீடியம் 1963லயே லீபோவிட்ஸ்ங்கிறவர் கொண்டுவந்தார், அதுக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரே வேணாம், சாதா காத்துல பிஹெச் நிக்கும், மீன் செல்லு வளக்குறவங்க அதிகம் பயன்படுத்துறது அதத்தான். சிலிண்டர் இல்ல, பெரிய இன்குபேட்டர் இல்லன்னா கண்காணிக்கிற வேலையும் பாதி கொறையுது. இது ஏதோ வெளிநாட்டு விஷயம்னு நெனைக்காதீங்க, மேல்விஷாரத்துல அப்துல் ஹக்கீம் கல்லூரியில நம்ம கொடுவா மீன்ல இருந்தே செல் லைன், அதாவது லேப்ல தொடர்ந்து பெருகிக்கிட்டே இருக்க செல் கூட்டம், உண்டாக்கியிருக்காங்க, லக்னோவுல மீன் செல் லைனுக்குன்னே தேசிய சேமிப்பகம் இருக்கு. மண்டபத்துக்கும் கொறையில்ல, கொச்சிக்குப் போறதுக்கு முன்னாடி 1949ல இருந்து 1971 வரைக்கும் நீங்க எழுதுன அந்த மத்திய கடல் மீன்வள நிறுவனத்தோட தலைமையகமே இங்கதான் இருந்துச்சு, நாட்டுல மொத மொத கடல்விராலுக்கு 2010ல குஞ்சு பொரிக்க வச்சதும் இங்க மண்டபத்துலதான்.

உங்க கட்டுரை வந்த அன்னைக்கு எங்க பெரியம்மா, தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போறவங்க, "ஏத்தா, நீங்கள்லாம் லேப்புலயே மீனு செய்யப் போறீகளாமே, அப்ப நம்ம ஆளுக வலைய என்ன செய்ய"ன்னு கேட்டாங்க. அவங்களுக்குச் சொன்னதையே இங்கயும் சொல்றேன். 2013ல லண்டன்ல ஒரே ஒரு மாட்டுக்கறி பர்கர் இப்படி வளத்து செஞ்சு காட்டுனாங்க, அதுக்கு ஆன செலவு ரெண்டரை லட்சம் யூரோ. 2020 கடைசியில சிங்கப்பூர், இப்படி வளத்த கோழிக்கறிய விக்க அனுமதி குடுத்துச்சு. வெல எறங்கிட்டுத்தான் வருது, ஆனா மீடியத்தோட வெல ஒரு பக்கம், ஆயிரக்கணக்கான லிட்டர் டேங்க்ல உள்ள ஒவ்வொரு மூலையிலயும் ஆக்சிஜன் இருக்கா, அமிலம் சேருதான்னு நிமிசத்துக்கு நிமிசம் கண்காணிக்கிற செலவு இன்னொரு பக்கம். இப்போதைக்கு பாம்பன்ல ஏலத்துல எடுக்குற மீன் வெலைக்கு இது கிட்டயே வராது. வலைக்கு ஆபத்து வேற எடத்துல இருந்து வருது, அது உங்க பத்திரிகையிலயே தெனமும் வருது.

ஆனா பெரியம்மாவோட பாசிக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தம் இருக்கு. கப்பாபைகஸ், நம்ம ஊர்ல பெப்சி பாசின்னு சொல்றது, மூங்கி மெதப்புல கட்டி வளக்குறாங்களே, ஒரே விதையத் திரும்பத் திரும்ப ஒடிச்சு ஒடிச்சு நட்டு அது வீரியம் கொறைஞ்சு போச்சு, 2013 வாக்குல கடல் சூடாகி ஏகப்பட்ட பாசி அழிஞ்சதுல இருந்து இன்னும் பலபேர் எந்திரிக்கல. அதுக்கு மாத்தா மண்டபத்துல இருக்க கடல்பாசி ஆராய்ச்சி நிலையம் திசு வளர்ப்புல புது நாத்து உண்டாக்கிக் குடுக்குறாங்க, அது நல்ல வேல. கண்ணாடிக் குடுவையில கடத்தண்ணி மீடியம் ஊத்தி ஒரு துணுக்குல இருந்து செடியாக்குறது, மாசக்கணக்கா ஆகும், நடுவுல ஒரு தடவ தொறந்ததுல பூஞ்சையோ டயாட்டம்ங்கிற நுண்பாசியோ பூந்தா மொத்தமும் முதல்ல இருந்து. இங்கயும் நெறந்தான் மொத சாட்சி, வெளுக்க ஆரம்பிக்கிறது தெரியணும். ஒரே எடத்துல செல்போன நிறுத்தி, பின்னாடி வெள்ள அட்டை வச்சு, ஒரே லைட்டுல தெனம் ஒரு போட்டோ எடுத்து ஒப்பிட்டாலே கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி மாத்தத்தக் கண்டுபுடிக்கலாம். இதச் செய்ய பிஎச்டி வேணாம். ராமநாதபுரம், பரமக்குடி சுத்துல இருக்க பாலிடெக்னிக்லயும் இன்ஜினியரிங் காலேஜ்லயும் வருசா வருசம் பசங்க ப்ராஜெக்ட்னு ரெடிமேடா மதுரையில வாங்கிட்டு வந்து வைக்கிறாங்க, அந்தப் பசங்களும் பாசி வளக்குறவங்களும் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல. அவங்கள ஒரு எடத்துல உக்கார வைக்கிற வேலைய உங்க பத்திரிகை செஞ்சா நல்லாருக்கும்.

கடைசியா ஒரு கோரிக்க. நம்ம மாவட்டத்துல வளமாவூர்ல 127 கோடி ரூபாய்க்கு மேல செலவுல கடல்பாசி பூங்கா வருது, 2023 செப்டம்பர்ல அடிக்கல் போட்டாங்க. விதைப்பாசி உண்டாக்குற லேப்பும் அதுல வரும்ங்கிறாங்க. அந்த லேப்புக்கு சாமான் வாங்குற டெண்டர்ல, எல்லா குடுவையிலயும் டேங்க்லயும் வெப்பம், வெளிச்சம், பிஹெச் மூணையும் மூடியத் தொறக்காம வெளிய இருந்து அளக்குற வசதி இருக்கணும், அந்தக் கருவிய 35 பிபிடி கடத்தண்ணியில, பிஹெச் 7.5ல இருந்து 9.5 வரைக்கும் வேல செஞ்சு காட்டுனாத்தான் காசு, பழுது பாக்குற ஆள் ரெண்டு நாளுக்குள்ள மண்டபத்துக்கு வரணும்னு சேக்கச் சொல்லி நீங்க எழுதணும். நாங்க எழுதுனா பைல்ல போயிரும், நீங்க எழுதுனா கலெக்டர் ஆபீஸ்ல படிப்பாங்க.

இப்படிக்கு,
ஆல்கே ரூம்ல வேல பாக்குற ஒரு வாசகி,
வேதாளை, ராமநாதபுரம் மாவட்டம்.